யாருடைய டிஎன்ஏ? தொற்றுநோய் மரபணு ஆய்வுகளின் முதல் படி

2001 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத்தொகுதி வெளியானது. அந்தக் கிருமி வகைக்கு ஆய்வாளர்கள் இட்டிருந்த பெயர் ‘டிஎன்’. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமி அது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. தென்னிந்தியாவில், உடன்பிறந்தவர்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்டோருக்குத் தொழுநோய் கண்ட இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் டிஎன்ஏவை ஆராய்ந்து, நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு ஒன்று மனிதரின் பத்தாவது குரோமோசோமில் இருக்கக்கூடும் என்று அது சொன்னது. ஒரே நோய், ஏறத்தாழ ஒரே வட்டாரம், ஒரே ஆண்டு. முதல் கட்டுரையில் மனிதர் இல்லை; இரண்டாவதில் கிருமி இல்லை.

தொற்றுநோய் என்பது இரண்டு உயிர்களுக்கு இடையே நடப்பது. அதன் மரபணு ஆய்வு மட்டும் ஏன் இப்படி இரண்டு துறைகளாகப் பிரிந்து கிடக்கிறது? கோட்பாட்டுச் சண்டை எதுவும் காரணமில்லை. நோயாளியிடமிருந்து எதை எடுப்பது, எந்தக் குப்பியில் போடுவது, எப்படி டிஎன்ஏவைப் பிரிப்பது என்ற இடத்திலேயே பாதை பிரிந்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகள் இந்தக் கட்டத்தை ‘டிஎன்ஏ வழக்கமான முறையில் பிரித்தெடுக்கப்பட்டது’ என்று ஒரு வரியில் தாண்டிப்போகும். ஓர் ஆய்வு எதைக் காணும், எதைக் காணாமல் விடும் என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். மனித உயிரணு ஒன்றில் இரண்டு பிரதிகளுமாகச் சேர்த்து சுமார் 640 கோடி டிஎன்ஏ எழுத்துகள். தொழுநோய்க் கிருமியில் இருப்பது கிட்டத்தட்ட 32.7 லட்சம், காசநோய்க் கிருமியில் 44 லட்சம். நோயாளியின் தோல் துணுக்கில் மனித உயிரணுவுக்கு ஒரு கிருமி வீதம் இருந்தால்கூட, பிரித்தெடுத்த டிஎன்ஏவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் கிருமியுடையது. மலேரியாவிலும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 5,000 வெள்ளணுக்களும் அதே எண்ணிக்கையில் ஒட்டுண்ணிகளும் இருப்பதாகக் கொள்வோம். மருத்துவருக்கு அது நல்ல காய்ச்சல். ஆனால் பால்சிபாரம் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி 2.3 கோடி எழுத்துகள் மட்டுமே என்பதால், அந்தத் துளியின் டிஎன்ஏவில் அதன் பங்கு ஆயிரத்தில் நான்கைக்கூடத் தொடாது. அதை அப்படியே வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் ஏற்றினால், செலவழித்த பணத்தில் பெரும்பகுதி நோயாளியின் மரபணுக்களைப் படிப்பதிலேயே போய்விடும்.

நோயாளியின் டிஎன்ஏவைத் தேடுகிறவருக்கு இந்தக் கணக்கே வரம். அவருக்கு வேண்டியது அங்கே குவிந்து கிடக்கிறது.

உலகில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட டிஎன்ஏவே நோயாளிகளின் மாதிரியிலிருந்து வந்ததுதான். 1869-ல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர், அறுவை மருத்துவமனையில் கழற்றிப்போட்ட கட்டுத்துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்து, வெள்ளணுக்களின் உட்கருவில் அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். புரதங்களைச் செரித்து நீக்க அவர் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினைப் பயன்படுத்தினார். சீழ் என்றால் கிருமியும் இருந்திருக்கும். ஆனால் அது அவர் கேள்வியில் இல்லை.

அவருக்குப் பின் வந்த முறைகளின் உள்ளுறை பெரிதாக மாறவில்லை. உயிரணுவை உடைக்க வேண்டும், புரதங்களைக் கழிக்க வேண்டும், மிஞ்சும் டிஎன்ஏவைத் திரட்டிக் கழுவ வேண்டும். 1950களில், புரதத்தைப் பிரிக்க பினால் என்ற வேதிப்பொருள் வந்தது. 1961-ல் மார்மர் குளோரோஃபார்மைக் கொண்டு பாக்டீரிய டிஎன்ஏவைப் பிரிக்கும் முறையைச் சீராக்கினார். 1988-ல் மில்லர் குழுவினர், பினாலே இல்லாமல் செறிந்த உப்புக் கரைசலால் புரதத்தைப் படிய வைத்து, ரத்தத்திலிருந்து மனித டிஎன்ஏ எடுத்துக் காட்டினார்கள். கையில் காசு குறைவான ஆய்வகங்களுக்கு அது பெரிய உதவி. 1990-ல் ஆம்ஸ்டர்டாமில் பூம் குழுவினர் குவானிடின் தயோசயனேட்டையும் சிலிக்காவையும் சேர்த்தார்கள். முன்னது உயிரணுவை உடைக்கும், டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகளையும் செயலிழக்கச் செய்யும். அதே கரைசலில் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டிக்கொள்ளும். கழுவிவிட்டு நீரில் இறக்கிக்கொள்ளலாம். இன்று விற்கும் கிட்களில் பெரும்பாலானவை இதன் வாரிசுகள். பழைய பினால் முறையில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றியதும் வெள்ளை நூலாக டிஎன்ஏ எழுந்து வரும், கண்ணால் பார்க்கலாம். கிட்டின் சின்னக் குழாயில் அப்படி எதுவும் தெரியாது. இயந்திரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டும். அந்த எண்ணோ டிஎன்ஏ எவ்வளவு என்று சொல்லுமே தவிர, யாருடையது என்று சொல்லாது.

நோயாளியின் மரபணுக்களைத் தேடும் ஆய்வுகளுக்கு ரத்தமே வழக்கமான மாதிரி. மனிதரின் சிவப்பணுவில் உட்கரு இல்லை. ஆகவே டிஎன்ஏ முழுவதும் வெள்ளணுக்களிலிருந்து வர வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 30 மைக்ரோகிராம் கிடைக்கும். ஆயிரக்கணக்கான சோதனைகளுக்கு அது போதும். இங்கே தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. வார்டில் ரத்தம் எடுப்பவர் கைக்கு எட்டிய குப்பியில் பிடிப்பார். ஊதா மூடிக் குப்பியில் இருப்பது ஈடிடிஏ, அதனால் தொல்லையில்லை. பச்சை மூடியில் இருப்பது ஹெப்பாரின். அது டிஎன்ஏவுடனேயே தொடர்ந்து வந்து, டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கும் பிசிஆர் வினையை முடக்கிவிடும். சிவப்பணு சரியாகக் கழுவப்படாமல் ஹீம் மிஞ்சினாலும் அதே கதிதான். எச்சில் எடுப்பது எளிது, குழந்தைகளுக்கு ஊசி வேண்டாம். ஆனால் வாயில் வாழும் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கூடவே வரும்.

இந்த வழியில் கிடைத்த விடைகள் ஏறுமாறானவை. காசநோயில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர் 1991-ல், நோயெதிர்ப்பை ஆளும் எச்எல்ஏ மரபணுக்களில் டிஆர்2 என்ற வகை தென்னிந்திய நுரையீரல் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். எச்எல்ஏ வகையை ஊநீர் கொண்டு பார்க்க உயிருள்ள வெள்ளணுக்கள் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ரத்தம் எடுத்த கையோடு வேலையை முடிக்க வேண்டும். டிஎன்ஏவை எடுத்து உறையவைக்கலாம் என்றானதும்தான் ஊர் ஊராகப் போய் மாதிரி திரட்டிவந்து, பிறகு ஆறுதலாகச் சோதிக்க முடிந்தது. கோவிட் காலத்தில் இந்த ஏற்பாடு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பார்த்தோம். 2020-லேயே மூன்றாவது குரோமோசோமில் நோயைக் கடுமையாக்கும் ஒரு பகுதி பிடிபட்டது. அது நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்பதும், தெற்காசியர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடமும் ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவரிடமும் இருக்கிறது என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது.

ஆனால் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிடும் இத்தகைய ஆய்வுகளுக்கு இந்தியாவில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே சமூகங்கள் பல தலைமுறைகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்து வந்திருக்கின்றன. நோயாளிகள் ஒரு சமூகத்திலிருந்து அதிகமாகவும் ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் வேறொன்றிலிருந்து அதிகமாகவும் வந்துவிட்டால், நோயோடு தொடர்பில்லாத வேறுபாடுகூட நோய் மரபணுபோல் தோற்றம் காட்டும். 2001 தொழுநோய் ஆய்வு உடன்பிறந்தோரை எடுத்துக்கொண்டதால் இந்தப் பொறியில் சிக்கவில்லை. ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 10,000 பேரின் மரபணுத்தொகுதிகளைத் திரட்டியிருப்பது இனி வரும் ஒப்பீடுகளுக்கு நல்ல அடித்தளம். அதை நோயியல் ஆய்வாளர்கள் எவ்வளவு பொறுமையாகப் பயன்படுத்துவார்கள் என்பது வேறு கேள்வி.

கிருமியின் பக்கம் வேறோர் உலகம். வெள்ளணுவைச் சோப்புக் கரைசலே உடைத்துவிடும். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் சுவரில் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மையுள்ள கொழுப்பு தடித்திருக்கிறது. அதைத் தாண்ட லைசோசைம் நொதியில் இரவு முழுவதும் ஊறவைப்பார்கள், அல்லது நுண்ணிய மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைப்பார்கள். அதற்கு முன் 80 டிகிரியில் சூடாக்கிக் கிருமியைக் கொல்வதும் உண்டு. அது டிஎன்ஏவுக்காக இல்லை, வேலை செய்கிறவரின் நுரையீரலுக்காக. சுவரின் சர்க்கரைப் பொருள்களை நீக்க சிடிஏபி என்ற வேதிப்பொருளும் உப்பும் சேர்க்கும் முறை முதலில் தாவர ஆய்வகங்களில் பழகியது. பிறகு காசநோய் ஆய்வகங்களின் அன்றாட முறையாகிவிட்டது.

இத்தனையும் பொதுவாகச் சளியில் நேரடியாகச் செய்யப்படுவதில்லை. முதலில் கிருமியை வளர்த்தெடுத்துவிட்டுச் செய்வார்கள். வளர்ப்பு என்பதே ஒரு வடிகட்டி. மனித டிஎன்ஏ போய்விடும், தூய கிருமி கிடைக்கும். அதோடு வாரக்கணக்கில் காலமும் போகும். ஒருவரிடம் இரண்டு வகைக் கிருமிகள் இருந்து, அவற்றில் ஒன்று வேகமாக வளருமானால், மற்றது வரலாற்றிலிருந்தே காணாமல் போகும். 1998-ல் வெளியான முதல் காசநோய் மரபணுத்தொகுதி, பல்லாண்டுகளாக ஆய்வகத்திலேயே வளர்ந்த எச்37ஆர்வி என்ற வகையினுடையது. நோயாளிகளின் மார்பிலிருந்து இப்போது வரும் கிருமிகள் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டே படிக்கிறோம்.

சென்னை ஆய்வாளர்கள் இதில் முக்கியமான ஒரு பாடத்தை முன்வைத்தார்கள். காசநோய்க் கிருமிகளின் கைரேகையாக 1990களில் உலகெங்கும் பயன்பட்டது ஐஎஸ்6110 என்ற, மரபணுத்தொகுதியில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டு. ஐரோப்பியக் கிருமிகளில் அது பத்துக்கு மேற்பட்ட பிரதிகளில் இருப்பது சாதாரணம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) பார்த்தபோது, இங்குள்ள கிருமிகள் பலவற்றில் அது ஒரே ஒரு பிரதிதான். சிலவற்றில் அறவே இல்லை. ஒன்றே ஒன்று இருந்தால் கைரேகைக்கு ஒரே கோடுதான். ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியாது. அந்தத் துண்டை மட்டும் தேடும் பிசிஆர் சோதனையோ, அது இல்லாத கிருமியைக் கண்டு ‘நோயில்லை’ என்றுகூடச் சொல்லிவிடும். டிஎன்ஏ எவ்வளவு நன்றாகப் பிரித்திருந்தாலும் பயனில்லை. பின்னாளில் வந்த எக்ஸ்பர்ட் அல்ட்ரா என்ற காசநோய்ச் சோதனை ஐஎஸ்6110-ஐ மட்டும் நம்பாமல் ஐஎஸ்1081 என்ற இன்னொரு துண்டையும் சேர்த்துத் தேடுகிறது.

எக்ஸ்பர்ட்டும் இந்தியாவில் உருவான ட்ரூநாட்டும் பிரித்தெடுப்பையே ஒரு கார்ட்ரிட்ஜுக்குள் அடைத்துவிட்டன. சளியை ஊற்றினால் போதும், இரண்டு மணி நேரத்துக்குள் காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு மசிகிறதா என்று தெரியும். தாலுகா மருத்துவமனைக்கு இது புரட்சி. ஆய்வாளருக்கோ சற்றே இழப்பு: எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜுக்குள் போன டிஎன்ஏ அங்கேயே முடிந்துவிடுகிறது; முழு மரபணுத்தொகுதியையும் படிக்க வேண்டுமென்றால் வேறு மாதிரி வேண்டும்.

தொழுநோய்க் கிருமியை எந்த ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை. ஹான்சன் 1873-ல் கண்டதிலிருந்து இன்றுவரை இதுதான் நிலைமை. இரண்டாகப் பெருகவே அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். 1960-ல் எலியின் பாதத்திலும், 1971-ல் ஆர்மடில்லோ என்னும் ஓடுடைய அமெரிக்க விலங்கின் உடலிலும் அதைப் பெருக்க முடிந்தது. ஆர்மடில்லோவின் உடல் வெப்பம் மனிதருடையதைவிடக் குறைவு; குளிர்ந்த இடத்தை நாடும் இந்தக் கிருமிக்கு அது பிடித்துப்போனது. தமிழ்நாட்டு நோயாளியின் கிருமி ஆர்மடில்லோவுக்குள் போய்ப் பெருகி, அங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டுத்தான் ‘டிஎன்’ மரபணுத்தொகுதி ஆனது. படித்துப் பார்த்தபோது அதில் இயங்கும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போன மரபணுக்கள் ஆயிரத்துக்கும் மேல். வளர்க்க முடியாததன் காரணம் ஓரளவு அங்கேயே எழுதியிருந்தது: தனியாகப் பிழைக்கத் தேவையானவற்றை அது வழியில் தொலைத்துவிட்டிருக்கிறது.

விலங்கை நம்பினால் ஆயிரம் நோயாளிகளின் கிருமிகளைப் பார்க்க முடியாது. நோயாளியின் தோலிலிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும். இங்கே இரண்டு தடைகள். ஒன்று பழக்கம்: தோல் மருத்துவத்தில் திசு மாதிரி எடுத்தால் ஃபார்மலினில் போடுவார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது மிகச் சரி. ஆனால் ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டு துண்டாக்கிவிடும். சிறு துண்டைத் தேடும் பிசிஆருக்கு அது போதலாம், முழுத்தொகுதிக்கு உதவாது. 70 விழுக்காடு ஆல்கஹாலில் வைத்தால் சிக்கல் பெரும்பாலும் தீரும். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், மேசையில் இன்னொரு பாட்டில் இருந்தால் போதும். பல பழைய சேமிப்புகள் மரபணு ஆய்வுக்கு உதவாமல் கிடப்பது இந்தச் சின்னக் காரணத்தால்தான் என்பது எரிச்சலூட்டும் விஷயம்.

இரண்டாவது தடை, முதலில் போட்ட கணக்கு. இதற்குக் கிடைத்த தீர்வை இந்தத் துறையின் மிக அழகான தந்திரம் என்பேன். பிரித்தெடுப்பின் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். திசுவை மென்மையாகக் கரைத்தால் மனித உயிரணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ வெளியே வரும். கிருமி தன் மெழுகுச் சுவருக்குள் பத்திரமாக இருக்கும். அப்போது டிஎன்ஏவைத் தின்னும் நொதியைச் சேர்த்து, வெளியே கிடப்பதைச் செரிக்க வைத்துவிட வேண்டும். பிறகு நொதியை நீக்கிவிட்டு, மணிகளோடு குலுக்கிக் கிருமியை உடைக்கலாம். பிரித்தெடுப்புக்கு இத்தனை காலம் தடையாக இருந்த சுவரே இங்கே கவசம். இத்தகைய உத்திகளோடு, கிருமியின் டிஎன்ஏவை மட்டும் தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறையும் சேர்ந்து, 2018-ல் 25 நாடுகளிலிருந்து 154 தொழுநோய்க் கிருமிகளின் மரபணுத்தொகுதிகள் ஒரே ஆய்வில் வெளிவந்தன. மருந்துக்கு மசியாத கிருமிகள் எந்தெந்த நாட்டில் தோன்றுகின்றன என்பதை அதில் வளர்ப்பே இல்லாமல் படிக்க முடிந்தது.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. இந்த முறைகள் உடலில் கிருமி நிறைந்த நோயாளிகளிடம்தான் பலிக்கும். இரண்டு மூன்று தேமலோடு வருகிறவர்களின் தோலில் கிருமி மிகக் குறைவு. எடுத்தாலும் முழுத்தொகுதி தேறாது. 2001-ன் குடும்ப ஆய்வில் பங்கேற்றவர்களோ பெரும்பாலும் அத்தகையவர்களே. மனித மரபணு ஆய்வு ஒரு வகை நோயாளியையும் கிருமி ஆய்வு இன்னொரு வகை நோயாளியையும் பேசிக்கொண்டிருக்கின்றன. உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேல் இந்தியாவில் இருக்கும்போது, இதை வெறும் தொழில்நுட்பக் குறை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இரண்டு டிஎன்ஏக்களும் ஒன்றாகச் சந்தித்தால் என்ன கிடைக்கும் என்பதை மலேரியா காட்டியது. மலேரியா ஆய்வகங்கள் நெடுங்காலம் மனித டிஎன்ஏவைக் குப்பையாகவே நடத்தின. ரத்தத்தை எடுத்தவுடன் செல்லுலோஸ் நிரப்பிய குழாயில் ஊற்றி வெள்ளணுக்களைப் பிடித்துவைத்துவிட்டு, ஒட்டுண்ணி குடியிருக்கும் சிவப்பணுக்களை மட்டும் கீழே இறக்குவார்கள். ரத்தம் புதிதாக இருந்தால்தான் இது முடியும். உறைந்து உருகிய ரத்தத்தில் முடியாது. விரல் நுனித் துளியைத் தாளில் உலரவைத்துக் கொண்டுவரும் கிராமங்களுக்கு, ஒட்டுண்ணியின் டிஎன்ஏவை மட்டும் தேர்ந்து பெருக்கும் முறை பின்னர் வந்தது. பால்சிபாரத்தின் டிஎன்ஏவில் ஐந்தில் நான்கு எழுத்துகள் ஏ அல்லது டி. மனித டிஎன்ஏவில் அரிதாகவும் அதில் அடிக்கடியும் வரும் சிறு தொடர்களைக் குறிவைத்தால் போதும்.

மறுபுறம் மனித மரபணுவாளர்கள், சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் அரிவாளணு மரபணுவை வைத்துக்கொண்டிருந்தார்கள். மலேரியாவிலிருந்து அது காக்கிறது என்று ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டியது 1954-ல். அதற்கு இரண்டாண்டு முன்புதான் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாளணு மரபணு இருப்பதை லேமனும் கட்புஷும் கண்டிருந்தார்கள். இந்தியாவில் அது முதன்முதலில் தெரியவந்தது அங்கேதான். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் காப்பு எல்லா ஒட்டுண்ணிக்கும் பொதுவானது என்றே பாடம் நடந்தது. 2022-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, காம்பியாவிலும் கென்யாவிலும் கடும் மலேரியா கண்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மாதிரிகளிலிருந்து குழந்தையின் மரபணுத்தொகுதியையும் ஒட்டுண்ணியினுடையதையும் சேர்த்துப் படித்தது. ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதியில் மூன்று இடங்களில் குறிப்பிட்ட திரிபுகள் இருந்தால், அரிவாளணுக் காப்பு பெருமளவு செல்லுபடியாகவில்லை. குழந்தையின் டிஎன்ஏவை மட்டும் பார்த்திருந்தாலும், ஒட்டுண்ணியை மட்டும் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. வெள்ளணுக்களை வடிகட்டி வீசியிருந்தால் கேள்வியே எழுந்திருக்காது.

மாசு பற்றிச் சுருக்கமாக ஒன்று. பிரித்தெடுக்கும் கிட்களின் கரைசலிலேயே பாக்டீரிய டிஎன்ஏ சிறிதளவு இருக்கும் என்பதை 2014-ல் ஒரு பிரிட்டிஷ் குழு நிறுவியது. கிருமி குறைவான மாதிரியில் அந்த மாசே பெரிதாகிக் காட்சி தரும். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் குழாய்த் தண்ணீரில்கூட வாழ்கின்றன. எனவே ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எதுவும் இல்லாத ஒரு வெற்றுக் குழாயை முதலிலிருந்து கடைசிவரை அதே படிகளில் நடத்த வேண்டும். வெற்றுக் குழாயின் முடிவைச் சொல்லாத கட்டுரையை நான் அரை நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

இரண்டு டிஎன்ஏக்களையும் ஒன்றாகப் பார்க்கும் முறை வளர வளர, ஒப்புதல் பற்றிய கேள்வியும் கூடவே வளர்கிறது. காசநோய்ச் சோதனைக்குச் சளி கொடுப்பவர் கிருமியைக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார். அந்தச் சளியில் அவருடைய மரபணுத்தொகுதியும் போகிறது. கிருமியின் வரிசைகளைப் பொதுத் தரவகங்களில் இடும்போது மனித வரிசைகளைக் கணினி வழியாகக் களைந்துவிடுவது இன்று நல்ல வழக்கமாகிவிட்டது. ஆனால் களைவதற்கு முன் அவை யாருடைய வட்டில் எத்தனை நாள் இருந்தன என்பதைக் கட்டுரைகள் சொல்வதில்லை. ஒப்புதல் படிவம் இரண்டு டிஎன்ஏக்களையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். மறுத்தவரின் மாதிரிக்கு, மனித டிஎன்ஏவை நொதியால் முதலிலேயே அழித்துவிடும் அந்தத் தலைகீழ் முறை கையில் இருக்கிறது. குழந்தைகளிடம் எடுத்த மாதிரிகளைச் சேமித்து வைத்தால், அவர்கள் பெரியவர்களானதும் மறுபடி ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். முகவரி மாறிப்போன பதினெட்டு வயதுக்காரரைத் தேடிப்பிடிக்க ஆளும் பயணச் செலவும் வேண்டும். வரிசைப்படுத்தும் செலவைக் கணக்கிடும் ஆய்வுத் திட்டங்கள் அதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.